தூளின் நிறம் உள்ளபடி: ஒரு சிறுதொழிலின் படப்பிடிப்புக்கு ஆயத்தமான அனுபவம்

யாழ்ப்பாண முறையில் வறுத்து அரைத்த கறித்தூளின் நிறத்தை அறிந்தவர்கள் அதைச் சிவப்பு என்றும் சொல்லமாட்டார்கள், கபிலம் என்றும் சொல்லமாட்டார்கள். செத்தல் மிளகாயும் மல்லியும் தனித்தனியே வறுபட்டு, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றோடு சேரும்போது உண்டாகும் அந்த நிறம், வறுத்தவரின் கைப்பக்குவத்தை அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். சற்று முந்தி இறக்கினால் பச்சை வாசம் நிற்கும். சற்றுப் பிந்தினால் கருகிக் கசக்கும். கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுச் சமையலறையிலிருந்து கறித்தூளும் பருத்தித்துறை வடையும் பயத்தம் பணியாரமும் செய்து விற்கின்ற எங்களுக்கு, அந்த நிறம்தான் சரக்கின் அடையாளம்.

எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோர் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. கொட்டாஞ்சேனையிலும் தெஹிவளையிலும் இருப்பவர்கள் வட்ஸ்அப்பில் படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறார்கள். இலண்டனிலும் டொரொன்டோவிலும் இருப்பவர்கள், கொழும்பிலுள்ள தாய் தந்தையருக்குக் கொடுத்துவிடும்படி சொல்லி, படத்தை நம்பியே பணம் அனுப்புகிறார்கள். வாசமும் உறைப்பும் படத்தில் வரமாட்டா. வருவன நிறமும், தூளின் பருமனும், அதைச் செய்கிற மனிதர்களும் மட்டுமே. ஆகவே தொழில்முறைப் படப்பிடிப்பாளர் ஒருவரை அழைத்து, எங்கள் வர்த்தக நாமத்துக்கென்று ஒரே பாங்கான படங்களை எடுத்துக்கொள்வதென முடிவுசெய்தபோது, நான் எனக்கு விதித்துக்கொண்டது ஒன்றுதான்: பைக்கற்றைத் திறக்கும்போது வாடிக்கையாளர் காண்பது படத்தில் கண்டதாகவே இருக்கவேண்டும். பின்னர் செய்த ஆயத்தங்கள் எல்லாம் இதற்கு உட்பட்டே நடந்தன.

முதலில் படப்பிடிப்பாளரைத் தேடவில்லை. எடுக்கப்போகும் படங்கள் எங்கெங்கே பயன்படப்போகின்றன என்று ஒரு கொப்பியில் எழுதினேன். இந்த வேலையைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். உண்மையில் மிகுதி எல்லாவற்றுக்கும் அடித்தளம் இதுவே. வட்ஸ்அப் விலைப்பட்டியலுக்குச் சதுரப் படம் வேண்டும். இன்ஸ்டகிராமுக்கு 1080க்கு 1350 பிக்சல் கொண்ட நெடும்படம் பொருந்தும். முகநூல் பக்கத்தின் முகப்புப் படம் கணினியில் ஓர் அளவிலும் கைபேசியில் வேறோர் அளவிலும் தெரிவதால், முக்கியமான பொருள் ஓரத்தில் இருந்தால் ஏதோ ஒன்றில் வெட்டுப்பட்டுவிடும். கண்காட்சிகளில் மேசைக்குப் பின்னால் நிறுத்துகிற பதாகையும் தீபாவளிக் கால விளம்பரத் துண்டும் அச்சுக்குப் போகின்றவை. அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், ஒரு ஏ4 தாளை நிரப்புவதற்கே 2480க்கு 3508 பிக்சல் கொண்ட படம் தேவைப்படுகிறது. முகநூலுக்காகச் சுருக்கிய படத்தைக் கொண்டுபோய் அச்சகத்தில் கொடுத்தால் அது புள்ளி புள்ளியாகப் பொரிந்துபோய்த்தான் வரும்.

இந்தப் பட்டியலை எழுதும்போது தெரியவந்த இன்னொரு விடயம் வெற்றிடத்தைப் பற்றியது. கொழும்பில் வியாபாரம் செய்கிறவர் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகளிலும் எழுதவேண்டியவராக இருக்கிறார். ஒரே செய்தியை மூன்று மொழிகளில் வைக்கும்போது படத்தின் ஏறத்தாழ அரைவாசியை எழுத்தே எடுத்துக்கொள்கிறது. படம் முழுவதும் தட்டுகளையும் கிண்ணங்களையும் நிரப்பிவிட்டால் எழுத்து ஏறுவதற்கு இடமிராது. ஆகவே குறிப்பிட்ட சில படங்களில் ஒரு பக்கம் முற்றிலும் வெறுமையாக, ஒரே நிறத்தில் இருக்கவேண்டும் என்று பட்டியலிலேயே குறித்துவைத்தேன். இதைப் படப்பிடிப்பாளர் தாமாக ஊகிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அவருக்கு நல்ல படம் என்பது நிறைவான படம்.

அதன் பிறகே ஆளைத் தேடினோம். கொழும்பில் கலியாணப் படம் பிடிப்பவர்களுக்குக் குறைவில்லை. அவர்களின் திறமையிலும் குறையில்லை. ஆனால் மணப்பெண்ணை அழகாகக் காட்டுகிற கண் வேறு, மேசையில் அசையாமல் இருக்கிற ஒரு கிண்ணம் தூளைக் காட்டுகிற கண் வேறு. ஒவ்வொருவரிடமும் அவர்களின் மிகச் சிறந்த படங்களைக் கேட்பதற்குப் பதிலாக, ஏதாவது ஒரு வேலையில் வாடிக்கையாளருக்குக் கொடுத்த முழுத் தொகுதியையும் காட்டும்படி கேட்டேன். தெரிவுசெய்த பத்துப் படங்களில் எவரும் சிறந்தவராகவே தெரிவார். முழுத் தொகுதியில்தான் முதற்படத்தின் நிறமும் கடைசிப் படத்தின் நிறமும் ஒன்றா என்பது தெரியும். கருமையான உணவு ஏதாவது எடுத்திருக்கிறார்களா என்றும் கேட்டேன். வெள்ளைத் தட்டில் வைத்த கேக் துண்டைப் படம் பிடிப்பது இலகு. வறுத்த தூள் ஒளியை விழுங்கிவிடுகின்ற பொருள். வெளிச்சம் குறைந்தால் கோப்பித் தூள் போலாகும், செயலியில் சிவப்பைக் கூட்டினால் வெறும் மிளகாய்த்தூள் போலாகும். முன்பொரு தடவை வேறொரு கலையகத்தில் எடுத்த படங்களில் இரண்டாவதுதான் நடந்தது. படத்தைப் பார்த்து வாங்கிய ஓர் அம்மா, “பிள்ளை, படத்தில சிவப்பா இருந்தது, வந்தது கறுப்பா இருக்குது, பழைய தூளோ?” என்று கேட்டார். அன்று அரைத்த தூள் அது. படத்தினால் வந்த அந்தச் சந்தேகத்தை வார்த்தையால் போக்குவது எவ்வளவு கடினம் என்பதை அப்போது உணர்ந்தேன்.

கடைசியில் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த ஓர் இளைஞரைத் தெரிவுசெய்தோம். அவர் பேச்சின் தொடக்கத்திலேயே, சாம்பல் நிற அட்டை ஒன்றை ஒவ்வொரு ஒளியமைப்பிலும் முதலில் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்வதாகவும், பின்னர் கணினியில் அந்தச் சாம்பலை அளவுகோலாக வைத்து மற்றப் படங்களின் நிறத்தைச் சரிசெய்வதாகவும் சொன்னார். அந்த ஒரு பதிலே எனக்குப் போதுமாக இருந்தது.

அவருடன் எழுத்தில் உடன்பாடு செய்துகொண்டோம். எத்தனை மணிநேர வேலை, திருத்திக் கொடுக்கப்படும் படங்கள் எத்தனை, திருத்தம் சொல்வதற்கு எத்தனை வாய்ப்பு, எந்த நாளுக்குள் படங்கள் கிடைக்கும், முற்பணம் எவ்வளவு, மழையாலோ சுகவீனத்தாலோ நாள் தள்ளிப்போனால் முற்பணம் என்னாகும் என்பவற்றை ஒரு பக்கத்துக்குள் அடக்கிவிடலாம். இவற்றோடு படங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் எழுதவேண்டும். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் புகைப்படமும் பாதுகாக்கப்படுகின்ற ஓர் ஆக்கம். அச்சு, இணையம், பொதி உறை ஆகிய எல்லாவற்றிலும் காலவரையறையின்றிப் பயன்படுத்தலாமா, படப்பிடிப்பாளர் தமது பக்கத்தில் அவற்றைக் காட்டலாமா, வேறொரு நிறுவனத்துக்கு அவற்றைக் கொடுக்கலாமா என்பனவற்றைத் தொடக்கத்திலேயே பேசி எழுதிக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு வராது. தெரிந்த தம்பிதானே என்று எழுத்தை விட்டுவிடுவது எங்கள் ஊர்ப் பழக்கம். தெரிந்தவருடன்தான் உறவு கெடாமல் இருக்கவேண்டும். அதனால் அவருடன்தான் கட்டாயம் எழுதிக்கொள்ளவேண்டும் என்பது என் எண்ணம்.

நாளைத் தெரிவுசெய்வதில் கொழும்பின் வானத்தையும் கணக்கில் எடுக்கவேண்டும். மத்தியகோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 பாகையில் இருக்கும் இந்த நகரத்தில் ஆண்டு முழுவதும் காலை 6 மணியை ஒட்டிச் சூரியன் உதித்து, மாலை 6 மணியை ஒட்டி மறைகிறது. நண்பகலில் வெயில் உச்சந்தலைக்கு மேல் நிற்பதால், முற்பகல் 11 மணி தொடக்கம் பிற்பகல் 3 மணி வரை வெளியில் எடுக்கும் படங்களில் கண்ணுக்குக் கீழே கருநிழல் விழும். மே மாதம் தொடக்கம் தென்மேற்குப் பருவமழை. மார்ச், ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். சனவரி, பெப்ரவரி மாதங்களே ஒப்பீட்டளவில் நம்பத்தகுந்தவை. சித்திரைப் புத்தாண்டு வியாபாரத்துக்குப் படம் வேண்டுமென்றால் பெப்ரவரி பொருத்தமாக அமைகிறது; தீபாவளிக்கு வேண்டுமென்றால் மழைக்கும் கட்டளைகளின் நெருக்கடிக்கும் முன்னதாக, ஆகஸ்ட் அல்லது செப்ரெம்பரிலேயே முடித்துக்கொள்வது நல்லது. பண்டிகைக்கு முந்திய வாரத்தில் தாச்சி ஓயாது. அந்த நேரத்தில் கமராவுக்கு முன்னால் நின்று சிரிக்க எவராலும் முடியாது. ஆடிவேல் விழாக் காலத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டி நோக்கி இரதம் வரும் நாட்களில் காலி வீதியில் வாகனம் நகர்வது கடினம் என்பதையும், ஒவ்வொரு பௌர்ணமியும் விடுமுறை என்பதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளவேண்டும்.

இடம் பற்றிய பேச்சு வீட்டில் நீண்டது. சுதந்திர சதுக்கம், காலிமுகத்திடல், கோட்டையிலுள்ள பழைய ஒல்லாந்தர் வைத்தியசாலை என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். அவை அழகான இடங்கள்தாம். ஆனால் வணிக நோக்கிலான படப்பிடிப்புக்கு நிருவாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்கவேண்டும் என்பது ஒரு பக்கம் இருக்க, எங்கள் தூளுக்கும் அந்தத் தூண்களுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு எவரிடமும் விடை இருக்கவில்லை. எங்கள் தூள் பிறப்பது சமையலறையில். அதற்கு முன்னர் மிளகாய் வாங்குவது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில். அந்த இரண்டு இடங்களுமே போதுமென்று தீர்மானித்தோம். புறக்கோட்டையில் விளக்கோ தாங்கியோ இல்லாமல், சிறிய கமரா ஒன்றுடன், நாங்கள் வழமையாக வாங்கும் கடைக்காரரிடம் முதல்நாளே கேட்டுவிட்டுப் போனோம். சாக்கு மூட்டைகளைத் தலையில் சுமந்து வரும் நாட்டாமிமாருக்கு வழிவிட்டு, கடைக்குள் ஓர் ஓரத்தில் நின்று, செத்தல் மிளகாயை ஒடித்து விதையின் நிறத்தையும் காம்பையும் பார்க்கும் காட்சியை எடுத்தோம். எங்கள் கொள்வனவு எப்படி நடக்கிறது என்று நீளமாக எழுதுவதைவிட அந்தப் படம் தெளிவாகச் சொல்கிறது.

வீட்டில் எடுப்பதென்றால் யன்னலைப் பற்றித் தெரிந்திருக்கவேண்டும். எங்கள் சமையலறை யன்னல் கடலை நோக்கி மேற்கே திறக்கிறது. காலையில் வெயில் கட்டடத்தின் மறுபக்கத்தில் இருப்பதால் மென்மையான, நிழல் கூர்மையற்ற ஒளி கிடைக்கும். பிற்பகல் 2 மணிக்குப் பிறகு நேரடி வெயிலும் கடலின் பளபளப்பும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். இதைச் சில நாட்கள் வெவ்வேறு நேரங்களில் கைபேசியில் எடுத்துப் பார்த்து, படப்பிடிப்பாளருக்கு அனுப்பினேன். அவர் நேரில் வருவதற்கு முன்னரே காலை வேளையைக் குறித்துக்கொண்டார். கரையோர வீதிப் பக்கம் வாழ்கிறவர்களுக்குத் தெரியும், யன்னல் கண்ணாடியில் உப்புக்காற்றுப் படிந்து மெல்லிய வெண்படலம் உண்டாகியிருக்கும். நாளாந்தம் பார்க்கின்ற கண்ணுக்கு அது தெரிவதில்லை. முதல்நாள் நன்னீரில் கழுவி, உலர்ந்த துணியால் துடைத்த பின்னர், அறைக்குள் விழுந்த ஒளியே வேறாக இருந்தது.

யன்னல் ஒளியில் எடுக்கும்போது வீட்டு மின்குமிழ்களை அணைத்துவிடவேண்டும். பகலொளியின் நிறவெப்பம் சுமார் 5500 கெல்வின். மஞ்சள் மின்குமிழின் ஒளி 2700 அல்லது 3000 கெல்வின். இரண்டும் ஒரே தட்டில் விழுந்தால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும், அதைக் கணினியில்கூடச் சரியாகத் திருத்தமுடியாது. மலிவான எல்ஈடி விளக்குகளில் இன்னொரு குறை உண்டு. அவற்றின் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு நிறம் உயிரற்றுப்போகிறது. மிளகாயும் தோலும் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதற்கு அதுவே காரணம். ஒரு விளக்கின் ஒளியில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதை 100க்குள் சொல்லும் நிறக் காட்டுகைச் சுட்டி 90க்கு மேற்பட்ட விளக்கா என்று படப்பிடிப்பாளரிடம் கேட்டுக்கொள்வது பயனுள்ளது. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் சில குமிழ்கள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. வேகமான ஷட்டரில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். யன்னலுக்கு எதிர்ப்புறத்தில் ஒரு வெள்ளை ரெஜிஃபோம் பலகையை நிறுத்தினால் நிழற்பக்கம் தெளிவடையும். கறுப்பு பிரிஸ்டல் போர்ட் ஒன்றை நிறுத்தினால் நிழல் ஆழமாகும். இரண்டுமே புத்தகக்கடையில் கிடைப்பவை.

குளிரூட்டிய அறையிலிருந்தோ வாகனத்திலிருந்தோ கமராவை நேராகச் சமையலறைக்குள் கொண்டுவந்தால், கொழும்பின் ஈரக்காற்றில் வில்லையின்மேல் நீராவி படியும். பையைத் திறக்காமலே சிறிது நேரம் அறைக்குள் வைத்துவிட்டால் அது தானாகச் சரியாகிவிடும். அந்த நேரத்தைத் தேநீருக்கு ஒதுக்கிக்கொண்டோம்.

பொருட்களைத் தயார்செய்வதில்தான் மிகுந்த கவனம் செலவாயிற்று. பருத்தித்துறை வடை மெல்லியது. கடற்காற்றுப் பட்டால் விரைவில் பதமாகிவிடும். பதமான வடையை ஒடித்தால் அது வளையும், நொறுங்காது, கமராவும் அதை உள்ளபடி காட்டிவிடும். அதனால் வடையைப் படப்பிடிப்பு நாள் அதிகாலையிலேயே சுட்டு, எண்ணெய் வடியக் கடதாசியில் பரப்பி, ஆறியதும் காற்றுப்புகாத தகரத்தில் அடைத்து, தேவையான நேரத்தில் மட்டும் எடுத்தோம். பயத்தம் பணியாரத்தில் மாப்பூச்சுச் சீராக இருப்பவற்றை ஒதுக்கிவைத்தோம். தூளைப் பொறுத்தவரை, அரித்த தூளை அகப்பையால் குவித்து வைத்தால் மேற்பரப்பு மட்டமாகிவிடுகிறது. உயரத்திலிருந்து சுளகால் மெல்லத் தட்டிச் சொரிந்தால்தான் குவியலின் சரிவில் மணிகள் தனித்தனியே தெரிகின்றன. தண்ணீர், எண்ணெய் பூசி மினுக்குவது, செயற்கை ஆவி விடுவது முதலானவற்றுக்கு நாங்கள் இணங்கவில்லை. சாப்பிடமுடியாத ஒன்றைச் சாப்பாட்டின் படத்தில் காட்டக்கூடாது.

பைக்கற்றுகளில் ஸ்டிக்கர் நேராக ஒட்டப்பட்டவற்றைத் தெரிந்து, ஒவ்வொரு வகையிலும் மேலதிகமாகச் சில வைத்திருக்கவேண்டும். தொட்டவுடன் விரல் அடையாளம் விழும் மினுமினுப்பான உறைகளைப் பருத்தித் துணியால் பிடித்தே நகர்த்தவேண்டும். விலையும் உற்பத்தித் திகதியும் காலாவதித் திகதியும் முன்பக்கத்தில் தெரிந்தால், விலை மாறிய அடுத்த நாளே அந்தப் படம் பயனற்றதாகிவிடும். அவற்றை அச்சிடாத உறைகளைப் படத்துக்கென்றே அச்சகத்தில் கேட்டு வாங்கினோம்.

பின்னணிக்கும் விரிப்புக்கும் கெய்சர் வீதியில் மட்டான நிறத் துணிகளை யார்க் கணக்கில் வாங்கினேன். கபிலத் தூளுக்குப் பின்னால் கபில மரப்பலகை வைத்தால் இரண்டும் ஒன்றிப்போகும். மங்கலான வெண்மை, சாம்பல் கலந்த நீலம், வாழையிலைப் பச்சை ஆகியவை தூளை முன்னே கொண்டுவருகின்றன. குத்துவிளக்கும் பித்தளைக் குடமும் வைக்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் தூள் வறுக்கும் இடத்தில் குத்துவிளக்கு இல்லை. சுளகும் தாச்சியும் அகப்பையும் பனையோலைப் பெட்டியும் இருக்கின்றன, அவையே வைக்கப்பட்டன. தமிழ்ப் பொருள் என்று காட்டுவதற்காக எல்லோரும் ஒரே விளக்கையும் ஒரே கோலத்தையும் வைப்பதால், எவருடைய பொருள் எது என்று தெரியாமல் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இனி, மனிதர்கள். எங்கள் தூளை வறுப்பவர் என் மாமி. தம்மைப் படம் பிடிப்பதை அவர் விரும்பவில்லை.

“என்ர கையை என்னத்துக்குப் பிள்ளை படம் பிடிக்கிறது? சுருங்கிப்போய்க் கிடக்குது. வடிவான பிள்ளையள் ஆரையாவது நிக்கச் சொல்லன்.”

“வடிவுக்காக இல்லை மாமி. தூள் வறுக்கிறது நீங்கள். வேற ஆளை நிக்கவைச்சா அது பொய்யெல்லே?”

அவர் சற்று யோசித்தார். “முகம் வேண்டாம். கையை வேணுமெண்டா எடுங்கோ” என்றார். அதையே ஏற்றுக்கொண்டோம். ஒருவர் முகம் வேண்டாமென்றால் அதோடு நிறுத்திக்கொள்ளவேண்டும். படப்பிடிப்பு நாளன்று பலர் முன்னிலையில் மீண்டும் வற்புறுத்துவது முறையன்று. பொதி செய்ய வரும் பெண்களிடமும் தனித்தனியே கேட்டு, எந்தப் படம் எங்கே வரும் என்று விளக்கி, சம்மதத்தைக் கையெழுத்தில் பெற்றோம். சம்மதியாதவருக்கு அன்றைய சம்பளத்தில் எந்தக் குறையும் வைக்கவில்லை.

தோலின் நிறத்தைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. படத்தைத் திருத்துகிறவர்கள், கேளாமலே முகத்தையும் கையையும் வெளுப்பாக்கிக் கொடுக்கும் வழக்கம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கலியாண அல்பங்களில் தொடங்கிய இந்த வழக்கம் வியாபாரப் படங்களுக்கும் வந்துவிட்டது. மாநிறத் தோலுக்கு வெளிறிய பவுடர் பூசினால் ஃபிளாஷ் ஒளியில் அது சாம்பலாகத் தெரியும் என்பது தொழில்நுட்பக் காரணம். அதைவிடப் பெரிய காரணம், அடுப்படியில் உழைத்த ஒரு பெண்ணின் கையை அவருடையதல்லாத நிறத்தில் காட்டுவது அவருக்குச் செய்யும் அவமதிப்பு என்பதே. தூளின் நிறத்தை மாற்றவேண்டாம் என்று எழுதிய அதே வரியில், எவருடைய தோலின் நிறத்தையும் மாற்றவேண்டாம் என்றும் உடன்பாட்டில் எழுதினோம். முகத்தில் வியர்வை மினுங்குவதைத் தடுக்க, மெல்லிய கடதாசியால் ஒற்றியெடுப்பதே போதுமானது.

உடையில் நெருக்கமான கோடுகளும் சிறு கட்டங்களும் கமராவில் அலையலையாக நெளியும். தூய வெள்ளை கண்ணைப் பறித்துவிடும். நான் கரும்பச்சைப் பருத்திச் சேலை உடுத்தினேன். பொதி செய்யும் பெண்கள் வழமையாகக் கட்டும் ஏப்ரனையே கழுவி அழுத்திக் கட்டினார்கள். புது உடை உடுத்தினால் நிற்கும் நிலையே மாறிவிடுகிறது என்பதைக் கவனித்திருக்கிறேன்.

படப்பிடிப்பு நாளன்று வறுக்கும் காட்சியை முதலில் எடுத்தோம், ஏனெனில் காலை ஒளி அதற்குத்தான் தேவைப்பட்டது. வீட்டிலிருந்த ஒருவருக்குத் தொலைபேசி அழைப்புகளையும் வாசலையும் கவனிக்கும் பொறுப்பை மட்டும் கொடுத்திருந்தோம். மாமி மல்லியைத் தாச்சியில் இட்டுக் கிளறத் தொடங்கியதும் கமராவை மறந்துவிட்டார். மல்லி வெடிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில் அவர் அகப்பையை இடக்கைக்கு மாற்றி, வலக்கையால் ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையில் நசுக்கி மணந்து பார்ப்பார். பெருவிரல் நுனியில் பழைய சூட்டுத் தழும்பு ஒன்று உண்டு, அதில் மல்லித் தூசு ஒட்டியிருக்கும். பட்டியலில் இல்லாத அந்தப் படத்தைப் படப்பிடிப்பாளர் தம்பி எடுத்துவிட்டார். பட்டியலை ஒழுங்காகத் தயாரித்திருந்ததால்தான் அவருக்கு அப்படிப் பார்த்து நிற்க நேரம் கிடைத்தது என்று நம்புகிறேன்.

எடுத்த படங்களை உடனுக்குடன் மடிக்கணினித் திரையில் காட்டும்படி கேட்டிருந்தேன். தூளின் படம் வந்தபோது, “அக்கா, கொஞ்சம் சிவப்பைக் கூட்டினா எடுப்பா இருக்கும்” என்றார் தம்பி. யன்னல் ஒளியில் ஒரு வெள்ளைத் தட்டில் தூளை வைத்து, திரைக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிவப்பைக் கூட்டாமல், பக்கவாட்டில் ஒளியைச் சற்றுத் தாழ்த்தினார். தூளின் மணிகள் எழுந்து தெரிந்தன, நிறம் மாறவில்லை, படம் எடுப்பாகவும் இருந்தது. சிவப்பைக் கூட்டியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கவர்ச்சியைவிட இது நிலையானது. பொருளை அறிந்தவர் பொருளைச் சொல்லவேண்டும், ஒளியை அறிந்தவர் ஒளியைத் தேடவேண்டும்; இருவரும் ஒரே மேசையில் நின்றால் வேலை நன்றாக நடக்கிறது.

படங்கள் வந்துசேர்ந்த பிறகு செய்யவேண்டியவையும் ஆயத்தத்தைச் சேர்ந்தவையே. தெரிவுசெய்யும் வேலையை வீட்டார் அனைவரிடமும் கொடுக்காமல், பயன்பாட்டுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் செய்தோம். நிறத்தை விலையுயர்ந்த ஒரு கைபேசியிலும் சாதாரணக் கைபேசியிலும் பார்த்தோம். எங்கள் வாடிக்கையாளர்கள் இரண்டிலும் பார்க்கிறார்கள். இணையத்துக்கான படங்களை, திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் பெற்றோம். அச்சுக்குப் போகும்போது சிஎம்வைகே எனப்படும் நான்கு நிற மையில் சிவப்பும் பச்சையும் சற்று மங்குவதால், பதாகை முழுவதையும் அச்சிடுவதற்கு முன்னர் ஒரு சிறு துண்டை மட்டும் அச்சிடச் சொல்லி, அதையும் தூளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பின்னரே சம்மதம் சொன்னோம். மூலப் படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அவை சுருங்கிவிடும். கோப்பாக அனுப்பவேண்டும், அல்லது இணையச் சேமிப்பகத்தின் இணைப்பாகப் பெறவேண்டும். ஒரு பிரதி வன்தட்டிலும் இன்னொன்று இணையச் சேமிப்பகத்திலும் இருக்கின்றன.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது பொருள், வடிவம், ஆண்டு ஆகிய மூன்றையும் சேர்த்தோம். கறித்தூள், சதுரம், இந்த ஆண்டு என்று தேடினால் படம் உடனே கிடைக்கிறது. மல்லி வாங்கும் இடமோ மிளகாயின் இனமோ மாறினால் தூளின் நிறமும் சற்று மாறும் என்பதால், ஒவ்வொரு புது வறுவலின்போதும் ஒரு தேக்கரண்டித் தூளை விலைப்பட்டியல் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். வேறுபாடு கண்ணுக்குத் தெரிகிற நாளில் அந்த ஒரு படத்தை மட்டும் அதே யன்னலில், அதே சாம்பல் அட்டையுடன் மறுபடியும் எடுத்துத் தருவதாகத் தம்பியுடன் பேசி, அதற்கான கட்டணத்தையும் உடன்பாட்டில் சேர்த்திருக்கிறோம்.